‘சின்ஸா, ஃபாரா?’: விடைக்குறிப்போடு காரணமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் உங்கள் மாணவர் பக்கத்தில் பத்தாம் வகுப்பு ஆங்கில மாதிரி வினாத்தாளும், அதன் அடியில் விடைக்குறிப்பும் வருகின்றன. காட்பாடி, குடியாத்தம், கே.வி.குப்பம் பக்கத்து டியூஷன் பிள்ளைகள் அதைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். அவ்வளவு நம்பிப் படிக்கிறார்கள் என்பதால்தான் ஒரு குறையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘சின்ஸ்’ என்று விடையை மட்டும் போடுகிறீர்கள். ஏன் என்று ஒரு வரி இல்லை. பிள்ளை அந்த விடையை உருப்போடுகிறது. அதே கேள்வி ஆளும் நேரமும் மாறி வந்தால் பழைய விடையையே எழுதிவிட்டு வருகிறது.

எங்கள் பிள்ளைகள் ஆங்கிலத்தில் செய்யும் தவறுகளில் பெரும்பகுதி, தமிழ் வாக்கியத்தை ஒழுங்காகப் பின்பற்றியதால் வருவது. தமிழ் தெரிந்தவர்தான் அதைச் சட்டென்று பிடிக்க முடியும். ஆகவே வீட்டில் சொல்லிக்கொடுக்கும் அக்கா, மாலை வகுப்பு எடுக்கும் கல்லூரி மாணவர், ஊரில் பாடம் சொல்லித்தரும் தன்னார்வலர் ஆகியோர் செய்யக்கூடிய வேலை இது. பெரிய ஆங்கிலப் புலமை தேவையில்லை. எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் போதும். அவர்களை மனத்தில் வைத்துச் சிலவற்றை எழுதுகிறோம். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். வாய்விட்டுப் படித்தால் பிடிபடும்.

முதலில், கேள்வியை வாங்கும் முறை. இப்போது சந்தேகங்கள் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் வருகின்றன. ‘மிஸ், ரீச்டு வந்தா அப்புறம் டு வருமா, அட் வருமா?’ அவ்வளவுதான் கேள்வி. இதற்கு உடனே பதில் சொன்னால் தவறாகத்தான் போகும். ‘ரீச்’ என்ற வினைக்குப் பின் இடப்பெயர் நேராக வரும்; டுவும் இல்லை, அட்டும் இல்லை. ஆனால் புத்தகத்தில் இருக்கும் வாக்கியம் ‘த ட்ரெயின் ரீச்டு காட்பாடி ___ சிக்ஸ் ஓ கிளாக்’ என்றால் அங்கே கோடிட்ட இடம் நேரத்துக்கு உரியது, விடை அட். ‘எதுவும் வராது’ என்று இலக்கணம் சரியாகச் சொல்லியே பிள்ளையின் ஒரு மதிப்பெண்ணைக் கெடுத்திருப்போம். அதனால் மூன்று விஷயம் கேட்காமல் பதில் சொல்வதில்லை என்று வைத்துக்கொள்வது நல்லது: முழு வாக்கியம் என்ன, எங்கிருந்து எடுத்தது (பாடப்புத்தகமா, கைடா, சொந்தமாக எழுதியதா), நீ என்ன போட்டாய், ஏன். மூன்றாவதற்குப் பிள்ளை சொல்லும் பதிலில்தான் தவறின் வேர் தெரியும். ‘சும்மா போட்டேன்’ என்றால், ‘இந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லு’ என்று கேட்க வேண்டும். சொல்லும்போதே பாதி வெளியே வந்துவிடும்.

ஒரு வாக்கியத்தைப் பொறுமையாகப் பார்ப்போம். ‘ஐ ஆம் லிவிங் இன் குடியாத்தம் சின்ஸ் டூ இயர்ஸ்.’ திருத்துகிறவர்களில் பலர் சின்ஸை அடித்து ஃபார் எழுதிவிட்டு டிக் போட்டுவிடுவார்கள். ஆனால் இதில் தவறு இரண்டு. ‘ரெண்டு வருஷமா குடியாத்தத்துல இருக்கேன்’ என்பது தமிழ். ‘இருக்கேன்’ நிகழ்காலம், அதைப் பார்த்துத்தான் பிள்ளை ‘ஆம் லிவிங்’ போட்டது. முன்பே தொடங்கி இன்னும் நடக்கும் ஒன்றுக்குக் கால அளவோ தொடக்கமோ சொல்லிவிட்டால் ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ அல்லது ‘ஹேஸ்’ வந்தாக வேண்டும்: ‘ஐ ஹேவ் லிவ்டு’ அல்லது ‘ஐ ஹேவ் பீன் லிவிங் இன் குடியாத்தம் ஃபார் டூ இயர்ஸ்.’ இரண்டாவது தவறை மட்டும் திருத்தி முதலாவதை விட்டால், அடுத்த கட்டுரையில் ‘ஐ ஆம் ஸ்டடியிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்று அதே நோய் வேறு உருவில் வரும்.

சின்ஸ், ஃபார் இரண்டையும் பிரிக்கத் தமிழே உதவும். ‘-லிருந்து’ பொருந்தினால் சின்ஸ். பேச்சில் ‘-ஆ’, எழுத்தில் ‘-ஆக’ பொருந்தினால் ஃபார். காலையிலிருந்து: சின்ஸ் மார்னிங். மூணு மணி நேரமா: ஃபார் த்ரீ அவர்ஸ். மூணு மணியிலிருந்து: சின்ஸ் த்ரீ ஓ கிளாக். எண்ணைப் பார்த்ததும் ஃபார் என்று தாவும் பிள்ளைகளுக்குக் கடைசி இரண்டையும் அருகருகே எழுதிக் காட்ட வேண்டும். இந்தச் சோதனை எங்கே கை கொடுக்காது என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். ‘சின்ஸ் இட் வாஸ் ரெய்னிங், வீ ஸ்டேய்டு அட் ஹோம்’ என்பதில் சின்ஸுக்கு ‘-ஆல்’ என்று பொருள். ‘ஹி வொர்க்டு இன் ஆம்பூர் ஃபார் டூ இயர்ஸ்’ என்பதில் அவர் இப்போது ஆம்பூரில் வேலை செய்யவில்லை. ஃபார் இருந்தும் ஹேஸ் இல்லை. எனவே கோடிட்ட இடத்தைப் பார்க்கும் முன் வினையைப் பார்க்கும் பழக்கம் வர வேண்டும். இதற்கு உள்ளூரிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. ஐடா ஸ்கடர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கியது 1900-இல். ‘இட் வாஸ் ஃபவுண்டட் இன் 1900.’ ‘இட் ஹேஸ் ட்ரீட்டட் பேஷண்ட்ஸ் சின்ஸ் 1900.’ ஆண்டு ஒன்றுதான். தொடங்கியது அன்றோடு முடிந்த செயல், அதனால் ‘வாஸ்’, ‘இன்’ இரண்டும். சிகிச்சை இன்றும் நடக்கிறது, அதனால் ஹேஸும் சின்ஸும்.

இன், ஆன், அட் குழப்பத்துக்கும் காரணம் தமிழில்தான். 1806-ல, ஜூலைல, காலைல, வேலூர்ல, பஸ்ல என்று எல்லாவற்றுக்கும் ஒரே ‘-ல’ நமக்குப் போதும். வேலூர்ப் புரட்சியின் தேதி இந்தப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதை வைத்தே சொல்லலாம்: இன் 1806, இன் ஜூலை, ஆன் 10 ஜூலை 1806. ஆண்டு, மாதம் என்றால் இன். நாள் குறிப்பிட்டுவிட்டால் ஆன். கடிகார நேரம் என்றால் அட். ‘இன் த மார்னிங்’ என்று படித்த பிள்ளை ‘இன் சண்டே மார்னிங்’ என்று எழுதும். கிழமை உள்ளே நுழைந்ததும் ஆன் ஆகிவிடும்: ‘ஆன் சண்டே மார்னிங்’, ‘ஆன் த மார்னிங் ஆஃப் 10 ஜூலை’. ‘அட் நைட்’ தனியாக நிற்பது. அதற்குக் காரணம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், அப்படியே பழகட்டும்.

வேண்டாத இடத்தில் போடும் முன்னிடைச் சொற்கள் இன்னொரு கூட்டம். ‘டிஸ்கஸ் அபவுட்’ வருவது ‘அதைப் பத்திப் பேசினோம்’ என்பதிலிருந்து. ‘என்டர்டு இன்டு த ரூம்’ வருவது ‘ரூமுக்குள்ள’ என்பதிலிருந்து. ‘மேரீடு வித்’ வருவது ‘அவரோட கல்யாணம்’ என்பதிலிருந்து. டிஸ்கஸ், என்டர், ரீச், மேரி, ரிசெம்பிள் ஆகிய ஐந்துக்கும் பின்னால் எதுவும் வராது என்று ஒரே தாளில் எழுதி ஒட்டிவிடலாம். ‘அவன் மேல கோபம்’ என்பதால் ‘ஆங்கிரி ஆன் ஹிம்’ என்று எழுதுகிறார்கள். வர வேண்டியது வித். ‘நாயைப் பார்த்துப் பயம்’ என்பதால் ‘அஃப்ரெய்டு சீயிங் த டாக்’; வர வேண்டியது ஆஃப். ‘விட’ என்ற சொல்லால் ‘சீனியர் தேன் மீ’, ‘ப்ரிஃபர் டீ தேன் காஃபி’, இரண்டிலும் டு.

‘ஒரு’ என்ற பொருளில் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் எ, ஆன் என்ற ஒரு மதிப்பெண் கேள்வியில் பிள்ளைகள் கோட்டைவிடுவது ஆச்சரியமாகத் தோன்றும். ‘ஏ, ஈ, ஐ, ஓ, யூ வந்தால் ஆன்’ என்று எழுத்தை வைத்துச் சொல்லிக்கொடுத்ததுதான் காரணம். பார்க்க வேண்டியது ஒலி. ‘எ யுனிவர்சிட்டி’, ‘எ ஒன் வே ரோடு’, ‘ஆன் அவர்’, ‘ஆன் ஹானஸ்ட் மேன்’ என்று நான்கையும் எல்லாக் கைடுகளும் போட்டுவிடுகின்றன. அவை சொல்லாத ஒன்று உண்டு. நாம் பேசும்போது எகரத்துக்கும் இகரத்துக்கும் முன்னால் மெல்ல ஒரு யகரம் சேர்க்கிறோம். ஒகரத்துக்கும் உகரத்துக்கும் முன்னால் வகரம். எட்டு ‘யெட்டு’ ஆகிறது, ஒண்ணு ‘வொண்ணு’ ஆகிறது. அதே வாயோடு எக் என்பதை ‘யெக்’ என்றும், எம்.எல்.ஏ.வை ‘யெம்மெல்லே’ என்றும், ஓல்டு என்பதை ‘வோல்டு’ என்றும் சொல்லும் பிள்ளை, ஒலியைக் கேட்டுத்தான் ‘எ எக்’, ‘எ எம்.எல்.ஏ.’, ‘எ ஓல்டு மேன்’ என்று எழுதுகிறது. விதி புரிந்திருக்கிறது, காதில் விழுந்த ஒலிதான் வேறு. இந்தப் பிள்ளையிடம் விதியைத் திரும்பச் சொல்வதால் பயனில்லை. ‘இயர்’ என்று தமிழில் ஒரே மாதிரி எழுதும் இரண்டு சொற்களை, காதையும் வருடத்தையும், மாற்றி மாற்றிச் சொல்லவைக்க வேண்டும். காதுக்கு யகரம் இல்லை, ‘ஆன் இயர்’. வருடத்துக்கு உண்டு, ‘எ யியர்’. வாய் பழகினால் கை பழகும். பிறகு நம் ஊரில் தினமும் காதில் விழும் சொற்களையே கொடுத்துக் கேட்கலாம்: ஆன் எக்ஸ்ரே, ஆன் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், எ சி.எம்.சி. நர்ஸ், எ வி.ஐ.டி. ஸ்டூடன்ட், ஆன் எஃப்.ஐ.ஆர்.

கேள்வி ஒட்டு, அதாவது கொஸ்டின் டேக். தமிழில் ‘இல்லையா’ எல்லாவற்றுக்கும் ஒத்துவரும். வாணியம்பாடி, பேரணாம்பட்டில் வீட்டில் உருது பேசும் பிள்ளைக்கு ‘நா’, ஆந்திர எல்லையோரம் தெலுங்கு பேசும் பிள்ளைக்கு ‘கதா’. மூன்று மொழியிலும் ஒரே ஒட்டுதான். அதனால் மூன்று வீட்டுப் பிள்ளைகளும் ‘இஸின்ட் இட்’ என்று முடிக்கிறார்கள். வரிசையாகச் செய்தால் தவறாது. வாக்கியத்தில் துணைவினையைத் தேடு. இல்லாவிட்டால் காலத்தைப் பார்த்து டூ, டஸ், டிட் கொண்டு வா. ஆம் என்றிருந்தால் இல்லை ஆக்கு, இல்லை என்றிருந்தால் ஆம் ஆக்கு. கடைசியில் பெயருக்குப் பதில் ஹி, ஷி, இட், தே போடு. ‘யூ கேம் யெஸ்டர்டே’ என்பதில் துணைவினை இல்லை, கடந்த காலம், ஆகவே ‘டிடின்ட் யூ’. வழுக்கும் இடங்கள் சில: ‘ஐ ஆம் லேட், ஆர்ன்ட் ஐ’, ‘லெட்ஸ் கோ, ஷல் வீ’, ‘எவ்ரிபடி ஹேஸ் கம், ஹேவின்ட் தே’. ஹார்ட்லி, செல்டம், நெவர், ஃபியூ, லிட்டில் வந்தால் வாக்கியம் ஏற்கெனவே ‘இல்லை’ பக்கம் சாய்ந்திருக்கிறது; ‘நாட்’ கண்ணில் படாததால் பிள்ளை ஏமாறும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று தேர்வில் வராது, நேர்காணலில் மாட்டிவிடும். ‘சாப்பிடலையா?’ என்றால் ‘ஆமா, சாப்பிடல’ என்போம். ‘ஹேவின்ட் யூ ஈட்டன்?’ என்ற கேள்விக்கு அதே மாதிரி ‘யெஸ்’ என்றால், சாப்பிட்டாயிற்று என்றுதான் எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்வார். ‘நோ, ஐ ஹேவின்ட்’ என்று சொல்லப் பழக்க வேண்டும். நர்சிங் படித்துவிட்டு வெளிநாட்டு வேலைக்கு ஓ.இ.டி., ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வுகளை எழுதும் பெண்கள் நம் ஊரில் உண்டு. ‘டிடின்ட் யூ கிவ் த டேப்லெட்?’ என்று மருத்துவர் கேட்டால், யெஸ்ஸும் நோவும் மாறிப்போவது மார்க்கோடு நிற்கும் விஷயமில்லை.

பிறர் கூற்றை மாற்றி எழுதும் ரிப்போர்ட்டட் ஸ்பீச்சில் ‘என்று’ தான் சிக்கல். ‘வர்றேன்னு சொன்னான்’ என்பதில் அவன் சொன்ன ‘வர்றேன்’ அப்படியே நிற்கிறது. அதை ‘ஹி செட் தட் ஐ ஆம் கமிங்’ என்று எழுதினால் வருவது அவன் இல்லை, எழுதுகிற பிள்ளை என்றாகிவிடும். ஆளை முதலில் மாற்று, பிறகு காலத்தை, பிறகு டுமாரோ, ஹியர் போன்ற சொற்களை. இந்த வரிசையில் செய்தால் விடுபடாது. கேள்விகளில் கூடுதலாக இரண்டு: ‘ஆஸ்க்டு’ வந்தால் ‘தட்’ வராது, ‘சாப்பிட்டியான்னு கேட்டாங்க’ என்பதில் உள்ள ‘ஆ’வின் இடத்தில் ‘இஃப்’ வரும். ‘வேர் ஆர் யூ கோயிங்’ என்பது ‘வேர் ஐ வாஸ் கோயிங்’ என்று நேர் வரிசைக்குத் திரும்பிவிடும். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் காலத்தைச் சரியாக மாற்றிவிட்டு ‘வேர் வாஸ் ஐ கோயிங்’ என்று இந்தக் கடைசிப் படியில் விழுகிறார்கள்.

‘ஐ வாஸ் கோ’, ‘ஆன் ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பன்டு’ என்று எழுதுகிற பிள்ளை, வாஸ் என்றால் கடந்த காலத்தின் அடையாளம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. வினைச்சொல்லே கடந்த காலத்தைக் காட்டும் என்பதைப் ‘போ, போனேன்’ என்று தமிழில் காட்டினால் உடனே புரியும். ‘தோ’ வந்தால் ‘பட்’ வராது, ‘பிகாஸ்’ வந்தால் ‘சோ’ வராது. ஒரு வாக்கியத்துக்கு ஓர் இணைப்பு போதும். ‘நேத்து வந்த பையன்’ என்பதில் ‘நேத்து வந்த’ முன்னால் நிற்கிறது. ஆங்கிலத்தில் ‘த பாய் ஹூ கேம் யெஸ்டர்டே’ என்று பின்னால் போகும். காம்ப்ளெக்ஸ் வாக்கியத்தில் திணறும் பிள்ளையிடம் ‘நீ பார்த்த படம், அம்மா வாங்கின புடவை, நேத்து வந்த பஸ்’ என்று பத்துத் தமிழ்த் தொடர்களைக் கொடுத்துத் திருப்பிப்போடச் சொல்லுங்கள். க்ளாஸ் (துணை வாக்கியம்), ஃபிரேஸ் (சொற்றொடர்) என்ற பெயர்களை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

இனி சொல்வளம். பத்தாம் வகுப்பு வினாத்தாளில் ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. அதில் முதல் ஆறும் ஒத்த சொல், எதிர்ச்சொல். இதற்காக நூற்றுக்கணக்கான சொற்களை ஜோடி ஜோடியாகப் படிக்கவைக்கிறார்கள். கேள்வி வாக்கியத்துக்குள் வைத்துத்தான் கேட்கப்படுகிறது என்பதை மறந்துவிடுகிறோம். ‘கன்டென்ட்’ என்றால் யூடியூபில் போடுவது என்று இன்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். ‘ஷி வாஸ் கன்டென்ட் வித் ஹர் லைஃப்’ என்பதில் அது மனநிறைவு. அழுத்தம்கூட இரண்டாம் அசைக்கு மாறிவிடுகிறது. ‘கிரேவ்’ என்றதும் கல்லறை என்று எழுதும் பிள்ளை ‘எ கிரேவ் மிஸ்டேக்’ என்ற தொடரில் திகைத்து நிற்கிறது. வாக்கியத்திலிருந்து சொல்லை எடுத்துவிட்டுத் தரப்பட்ட நான்கு விடைகளையும் ஒவ்வொன்றாக அந்த இடத்தில் வைத்துப் படிப்பது கால் நிமிட வேலை. இந்தப் பழக்கம் இல்லாததால்தான் தெரிந்த சொல்லிலும் மார்க் போகிறது.

எதிர்ச்சொல் ஜோடிகளை ஒரே நாளில் கற்றுக்கொடுப்பது கெடுதல். பாரோ, லெண்ட் இரண்டையும் சேர்த்துச் சொன்னால் எது வாங்குவது, எது கொடுப்பது என்று வருடக்கணக்கில் குழம்பும். முதல் வாரம் ‘பாரோ ஃப்ரம்’ மட்டும், சொந்த வாக்கியங்களோடு. அது உறுதியான பிறகு ‘லெண்ட் டு’. இம்போர்ட், எக்ஸ்போர்ட்டுக்கும் இன்ஹேல், எக்ஸ்ஹேலுக்கும் இதே வழிதான். கைடுகளில் ஜோடியாக அச்சிட்டிருக்கிறார்கள் என்பதற்காக நாமும் ஜோடியாக நடத்த வேண்டியதில்லை.

நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொற்கள் தெரியாது என்பதும் முழு உண்மை இல்லை. தமிழ்ப் பேச்சிலேயே ஏராளமாகத் தெரியும். ஆனால் தமிழ்ப் பேச்சுக்குரிய பொருளில். ‘கரண்ட் போச்சு’ என்பதிலிருந்து ‘த கரண்ட் ஹேஸ் கான்’ வருகிறது. ‘தேர் இஸ் எ பவர் கட்’ என்பது ஆங்கிலம். ‘ஃபேன் போடு’ என்பதிலிருந்து ‘புட் த ஃபேன்’. வேண்டியது ‘ஸ்விட்ச் ஆன்’. காலிங் பெல் அங்கே டோர்பெல். தங்கும் வசதி இல்லாத நம் ஹோட்டல் அங்கே ரெஸ்டாரன்ட். ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்பது இந்தியாவில் செல்லும். வெளிநாட்டு ஆசிரியரிடம் சொன்னால் தான் சொல்வதை நம்பவில்லை போலும் என்று நினைத்துக்கொள்வார், ‘கொஸ்டின்’ என்று சொல்வது நல்லது. இப்படிப் பிள்ளைகளையே தங்கள் பேச்சிலிருந்து இருபது சொல் கொண்டுவரச் சொல்லி அகராதியில் பார்க்கவைத்தால், சொல்வள வகுப்பில் தூங்கும் கடைசி பெஞ்சும் எழுந்து உட்காரும்.

அகராதி என்றதும் போனில் தமிழ் அர்த்தம் பார்ப்பதோடு நிறுத்திவிடுகிறோம். மாணவர்களுக்கென்றே தயாரித்த ஆங்கில அகராதிகளில் பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் சி அல்லது யு என்ற எழுத்து இருக்கும். சி என்றால் எண்ணக்கூடியது, யு என்றால் எண்ண முடியாதது. அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், லக்கேஜ், ஹோம்வொர்க் எல்லாம் யு. எஸ் சேராது, முன்னால் ‘எ’யும் வராது. ‘எ பீஸ் ஆஃப் அட்வைஸ்’ என்று சுற்றித்தான் போக வேண்டும். ‘ஸ்பாட் த எரர்’ கேள்வியில் இந்த ஐந்தில் ஒன்று வருவதுண்டு. சொல் நோட்டில் சொல்லையும் அர்த்தத்தையும் மட்டும் எழுதாமல், பாடத்தில் வந்த முழு வாக்கியம், அந்தச் சொல்லோடு கூடவே வரும் சொல் (‘மேக் எ மிஸ்டேக்’, ‘டூ ஹோம்வொர்க்’ மாதிரி), சொந்த வாக்கியம் ஒன்று என்று நான்கு வரி எழுத வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தோராம் நாள் அர்த்தத்தைக் கையால் மூடிக்கொண்டு திரும்பப் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு இருபது என்று ஆரம்பித்த நோட்டுகள் இரண்டு வாரம் தாண்டி நாங்கள் பார்த்ததில்லை.

விடைக்குறிப்பே தகராறு ஆகும் இடங்களும் உண்டு. ‘தே ஆர் வெயிட்டிங் ___ த பஸ் ஸ்டாண்ட்’ என்றால் ‘அட்’ போட்டாலும் சரி, ‘இன்’ போட்டாலும் சரி. ‘இஃப் ஐ வாஸ் யூ’ என்று ஆங்கிலேயர்களே பேசுகிறார்கள். தேர்வில் ‘இஃப் ஐ வேர் யூ’ என்றால்தான் மார்க். இங்கே பிள்ளையிடம் மழுப்பக் கூடாது. ‘பரீட்சையில் இதை எழுது, வெளியில் அதுவும் காதில் விழும்’ என்று இரண்டையும் சொல்லிவிட்டால் குழப்பம் தீரும். சொல்லிக்கொடுப்பவருக்கே சந்தேகம் என்றால் ‘நாளைக்குப் பார்த்துச் சொல்றேன்’ என்பதில் மரியாதை எதுவும் குறைந்துவிடாது.

இப்போது கேள்வியைப் படம் பிடித்தாலே போன் விடை சொல்கிறது. வேண்டாம் என்றால் கேட்கப்போவதில்லை. எப்படிப் பயன்படுத்துவது என்று காட்டிவிடுவது மேல். ‘மை ஃபாதர் இஸ் வொர்க்கிங் இன் எ ஷூ கம்பெனி சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்ற வாக்கியம் ‘மை ஃபாதர் வொர்க்டு அட் எ ஷூ கம்பெனி ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்று அழகாகத் திருத்தப்பட்டுத் திரும்பி வரலாம். இலக்கணம் சரி. அப்பாவின் வேலைதான் போய்விட்டது. திருத்தி வந்ததை மறுபடி தமிழில் சொல்லிப்பார்த்து, தான் சொல்ல நினைத்ததுதானா என்று ஒப்பிடாமல் நோட்டில் ஏற்றக் கூடாது. கலர், ஃபேவரிட் போன்ற சொற்களில் யு விட்டுப்போன அமெரிக்க எழுத்துக்கூட்டல் வருவதையும் கவனிக்க வேண்டும். விடையைக் கேட்பதைவிட, ‘இதே விதிக்கு ஐந்து வாக்கியம் கொடு, ஒன்றைத் தப்பாக வை’ என்று கேட்டால் அதே போன் நல்ல பயிற்சிப் புத்தகம்.

நோட்டுத் திருத்தும்போது சிவப்பு மையால் எல்லாவற்றையும் அடித்து எழுதித் தருவது நமக்குத்தான் பயிற்சி. தவறின் கீழே கோடு மட்டும் போட்டு ஓரத்தில் ஓரெழுத்துக் குறி இடலாம்: காலம் தவறென்றால் ‘கா’, ஒருமை பன்மை என்றால் ‘ஒ’, சொல் வரிசை என்றால் ‘வ’, இன், ஆன், அட் போன்றவை என்றால் ‘இ’. திருத்துவது பிள்ளையின் வேலை. முக்கால் மணி நேர வகுப்பில் முதல் ஐந்து நிமிடம் நேற்றைய விதியைக் கேட்பது, பத்து நிமிடம் நோட்டுகளைப் புரட்டி அன்றைக்கு அதிகம் பேர் செய்த ஒரே ஒரு தவறைப் பிடிப்பது, பதினைந்து நிமிடம் விளக்கம், மீதி முழுக்க ஆளுக்கு மூன்று சொந்த வாக்கியம். ஒரு நாளைக்கு ஒரு தவறு. பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை போன்ற மலைக் கிராமங்களில் ஐந்து வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்து நடத்துகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு ஒத்துவரும். வாக்கியத்தின் நீளத்தை மட்டும் வகுப்புக்கேற்ப மாற்றிக்கொண்டால் போதும்.

உங்களிடம் கேட்பது இதுதான். ஒரு பக்கத்தில் ஐம்பது கேள்வியும் ஐம்பது விடையும் போடுவதற்குப் பதில் பத்துக் கேள்வி போடுங்கள். ஒவ்வொரு விடைக்கும் கீழே, ஏன் அது என்று ஒரு வரி. பிள்ளைகள் வழக்கமாகப் போடும் தவறான விடை எது, தமிழில் எதைப் பார்த்து அப்படிப் போடுகிறார்கள் என்று இன்னொரு வரி. இரண்டு விடை பொருந்தும் கேள்விகளை அச்சுக்குப் போகும் முன்பே எடுத்துவிடுங்கள். விடைகளை மறுநாள் இதழில் வெளியிடுங்கள். அதே பக்கத்தில் தலைகீழாக அச்சிட்டால் பேப்பரைத் திருப்பி முதலில் அதைத்தான் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
மாலை வகுப்பு நடத்தும் ஆங்கில ஆசிரியர்கள் சிலர்,
காட்பாடி, குடியாத்தம் வட்டங்கள்,
வேலூர் மாவட்டம்.